விரிசல் வாசலைப் பார்க்கும்

கடைக்காரன் என்று பிறந்த எவனும் சரக்கின் நல்ல முகத்தைத்தான் தெருப்பக்கம் திருப்பி வைப்பான். சிங்கப்பூர் நார்த் பிரிட்ஜ் ரோட்டில் பழைய சாமான் கடை வைத்திருந்த நானா நேர்மாறாக வைப்பார். ஜாடியில் விரிசல் இருந்தால் விரிசல் வாசலைப் பார்க்கும். சீனத்துத் தட்டின் விளிம்பு உடைந்திருந்தால் உடைந்த இடம் ரிக்‌ஷாவில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். மலாய்க்காரரின் நெளிந்த கிரீஸ் கத்தி பழசாகவும் அதன் பிடி புதுசாகவும் இருந்தால், பிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருப்பார். சில நாட்களில் அந்தக் கடையைப் பார்க்க ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கும்.

நாகூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை ‘நானா’ என்பார்கள். அவருக்கு முறையாக வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தவ்கே என்கிற சீன முதலாளிமார்களும் நானா என்றார்கள், கப்பலிலிருந்து இறங்கிய துரைசாணிகளும் நானா என்றார்கள். ஒல்லியான ஆள், நரைத்த தாடி, கட்டம்போட்ட கைலி, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை.

அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், அந்த மனுஷனால் என் தொழில் நாறியது போல வேறு யார் தொழிலும் நாறவில்லை. நான் லேலாங் கூவுகிறவன். ஏலத்தை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம். சீமைக்குத் திரும்பிப் போகும் துரைமார்களின் கட்டில், கடிகாரம், பியானோ, பீங்கான் எல்லாம் எங்கள் ஏலக்கூடத்துக்கு வரும். வெள்ளைக்காரத் துரை சுத்தியலோடு மேசைக்குப் பின்னால் நிற்பார். நான் பக்கத்தில் நின்று மலாயிலும் தமிழிலும் கூவ வேண்டும். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்பதை மலாயில் ‘சத்து காலி, துவா காலி, தீகா காலி’ என்று சொல்லி முடித்தால் பொருள் போய்விட்டது என்று அர்த்தம். இருப்பதை இரண்டாகவும் இல்லாததை ஒன்றாகவும் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நானா பாணியில். எனக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. ஏலம் கூவுகிறவனுக்குக் காதுதான் சோறு போடுகிறது. அதனால் அந்தக் காலத்தில் இந்த விஷயத்தை நான் ஈ காக்கைக்கும் சொல்லவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு கண்ணால் சமாளித்து வந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய கடிகாரம் வந்தது. தேக்குப் பெட்டி, பித்தளை முள், மேலே ஒரு சிங்கம். நான் அடிவயிற்றிலிருந்து கூவினேன். ராஜா வீட்டுக் கடிகாரம் என்றேன், நூறு வருஷம் ஓடும் என்றேன். கூட்டம் சூடு பிடித்துவிட்டது. அப்போது முன்வரிசையில் இருந்த ஒல்லி ஆள் எழுந்து வந்து பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார்.

“பெட்டி நல்ல பெட்டி. உள்ள மெஷின் வேற கடிகாரத்துது. மணி அடிக்கும், ஆனா அது நினைச்சப்ப அடிக்கும்,” என்றார். சொல்லிவிட்டு, “சரி, நான் கேக்கறேன்,” என்று அவரே ஒரு விலையும் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏலம் முடிந்ததும் வாசலில் மறித்தேன்.

“வாங்கப் போற பொருளைக் கெடுத்துப் பேசி விலையை இறக்கறீங்களா நானா?”

“இல்லையே தம்பி. இறக்கறதுன்னா பத்துக் கேட்டிருப்பேன். அது பெறுமானம் எவ்வளவோ அதைத்தான் கேட்டேன்.”

“குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லைன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க.”

“பாக்கக்கூடாதுன்னுதானே சொன்னாங்க. பாத்துட்டா சொல்லக்கூடாதுன்னு சொல்லலையே,” என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தை ரிக்‌ஷாவில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போய்விட்டார். தெருமுனை திரும்பும்போது அது அடித்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஒன்பது அடித்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லேலாங்குக்கும் வந்தார். எப்போதும் என் இடது பக்கத்து முன்வரிசையில்தான் உட்காருவார். விலை கேட்க வாயைத் திறக்கமாட்டார், குடையை உயர்த்துவார். நான் அவர் முகம் பார்த்ததும் விரலால் தொகையைக் காட்டுவார். பெரிய நவாபு என்று நினைப்பு என்று நான் மனசுக்குள் திட்டுவேன். கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் உட்காருகிற எல்லோருக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. ஒருவர் கைத்தடியைத் தூக்குவார், ஒருவர் தொப்பியைத் தூக்குவார். வலப்பக்கம் சந்தைக்கடை இரைச்சலாக இருக்கும், இடப்பக்கம் பள்ளிக்கூடம் மாதிரி கை தூக்கிக்கொண்டு இருக்கும்.

சண்டையில் ஆரம்பித்தது எப்படிச் சிநேகமாக ஆனது என்று இப்போது யோசித்தால், கோப்பிக்கடைதான் காரணம். காலையில் சாமான் வியாபாரிகள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்திலிருந்து வரும் ரிக்‌ஷாக்காரர்களிடம் எந்தக் கப்பல் கட்டியிருக்கிறது என்று நானா விசாரித்துவிட்டு வந்து உட்காருவார். அவர் வாயிலிருந்து வருவதுதான் அன்றைய சந்தை நிலவரம்.

“ஜெர்மன் கப்பல் வந்திருக்கு. தபால் தலை, பழைய காசு எடுத்து வைங்க. அமெரிக்காக்காரன் நாளைக்குத்தான் வருவான், அவனுக்கு வெண்கலப் புத்தர் போதும். இங்கிலீஷ்காரன் பேரம் பேசிட்டு வாங்காமப் போவான், விட்ருங்க, கப்பல் ஏறுறதுக்கு முன்னால ஓடி வருவான்.”

ஒரு நாள், “கிரீஸ் விலை விழப்போவுது, யாரும் வாங்காதீங்க,” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நேத்து நான் ஒரு பெட்டி வாங்கிட்டேன்,” என்றார்.

“ஏன் நானா, முதல்ல உங்க பெட்டியைத் தள்ளிவிட்டுட்டு அப்புறம் இந்தச் சேதியைச் சொல்லக்கூடாதா?” என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“அப்ப என் பெட்டியை வாங்கினவன் நாளைக்கு இங்க எதிர்ல உக்காந்து கோப்பி குடிப்பானே. அவன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?”

இப்படிப்பட்ட மனுஷன் எப்படிப் பிழைத்தார் என்று கேட்பீர்கள். நன்றாகவே பிழைத்தார். கப்பலில் வருகிறவர்களுக்கு ஊர் ஊராக ஏமாந்து அலுத்துப்போயிருக்கும். இவர் கடையில் விரிசல் முன்னால் நிற்பதைப் பார்த்ததும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு துரைசாணி, விரிசலே இல்லாத ஒரு நல்ல ஜாடியைக் காட்டி, இதற்கு மட்டும் என்ன குறை என்று சந்தேகமாகக் கேட்டாள். நானா திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். கடைசியில், “கனம் ஜாஸ்தி. உங்க கூலிக்காரன் திட்டுவான்,” என்றார்.

அவர் எந்தப் பொருளையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அவரிடமிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு, “இது வீட்டுக்கு,” என்பதுதான். அப்படிச் சொல்லிவிட்டால் அந்தச் சாமான் கடைக்குப் போகாது. அந்தக் கோணல் கடிகாரமும் அவர் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தது. அரிசி வைத்திருந்த ஜாடி, சீனத்து ராஜா காலத்தது என்பார்கள். கழுத்தில் பெரிய விரிசல், அதில் சிவப்பு நூல். அவர் மனைவி அந்த நூலில் ஊசி குத்தி வைத்திருப்பார்.

அந்த வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் அதுவும் ஒரு கூத்து. சோறு பரிமாறும் முன்பே நானா, “கோளாறைக் கேட்டுக்க தம்பி. கறி வெந்திருக்கு, உப்பு ஒரு கல்லு கம்மி,” என்பார். உடனே திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வரும்.

“தம்பி, இந்த மனுஷன் கோளாறையும் கேட்டுக்கங்க. பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டார். சூட்டோட சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிருங்க.”

இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் தங்கியிருந்தது செராங்கூன் ரோட்டில் ஓர் ஒண்டுக்குடித்தன அறை. அங்கே என் சமையலைக் குறை சொல்லக்கூட ஆள் கிடையாது.

செராங்கூன் ரோடு அப்போது மாட்டுக்கொட்டகைகளால் நிறைந்தது. என் அறைக்கும் ஏலக்கூடத்துக்கும் நடுவில் ஒரு எருமைக் கொட்டகை இருந்தது. அதன் சொந்தக்காரர் பாலும் விற்பார், சாணிக்குழியையும் வாடகைக்கு விடுவார். சாணிக்குழிக்கு வாடகையா என்று சிரிக்காதீர்கள். நேற்று வார்த்த பித்தளைக் குத்துவிளக்கைச் சாணிக்குள் புதைத்து, சில வாரம் கழித்துத் தோண்டி எடுத்தால் பச்சைக் களிம்பு ஏறி ராஜராஜன் காலத்து விளக்காகிவிடும். கப்பல் பயணிகள் இரண்டு கையாலும் வாங்கிப் போவார்கள்.

அப்படி ஒரு விளக்கு எங்கள் லேலாங்குக்கும் வந்தது. கொண்டுவந்தவன் சொன்னதை நம்பி நான், கோயில் விளக்கு, ஆயிரம் திருவிழா கண்ட விளக்கு என்று உருகினேன். இடப்பக்கத்தில் குடை எழவில்லை. நானாவே எழுந்து வந்தார். விளக்கின் தண்டை நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார். பிறகு நாக்கு நுனியால் தொட்டார்.

“எருமைச் சாணி,” என்றார். கண்ணை மூடி மறுபடியும் சப்புக்கொட்டினார். “செராங்கூன் ரோடு. பாலத்துக்கு இந்தப் பக்கத்துக் கொட்டகை. அவர்தான் எள்ளுப் புண்ணாக்கு போடறவர்.”

கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. துரை சுத்தியலைப் போட்டுவிட்டுச் சிரித்தார். புண்ணாக்கு வரைக்கும் நாக்குக்குத் தெரியுமா என்று நான் பிறகு கேட்டபோது, “நாக்குக்கு என்னா தெரியும், கசப்புத்தான் தெரியும். அந்தக் குழியில புதைக்கிறதை நான் போறப்ப வர்றப்ப பாத்திருக்கேன்,” என்றார். ஆனால் ஊர் அதை நம்பவில்லை. சாணியை ருசித்தே எருமையின் பெயர் சொல்வார் என்று பேச்சு பரவியது. கொட்டகைக்காரரின் குழி வாடகை அன்றோடு நின்றது.

அந்தக் கொட்டகைக்காரருக்கு ஒரு மகள் இருந்தாள். இங்கேதான் என் கதை சிக்கிக்கொள்கிறது.

காலையில் அவளிடம்தான் பால் வாங்குவேன். செம்பை நீட்டுவேன், அளந்து ஊற்றுவாள். காலையில் கடுகு வெடிக்கிற முகத்தோடு ஊற்றுவாள். சாயங்காலம் நான் திரும்பி வரும்போது வாசலில் நின்றால், “இன்னிக்கு என்ன வித்தீங்க?” என்று அதே முகம் மலர்ந்து கேட்பாள். ஒரே பெண்ணுக்குக் காலையில் ஒரு முகம், சாயங்காலம் ஒரு முகம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தச் சாயங்கால முகத்துக்காக நான் தலைதெறிக்க நடந்து வீடு திரும்ப ஆரம்பித்தேன். சுற்றி வளைப்பானேன், ஆசை வந்துவிட்டது. சரியான ஆசை.

அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் தமிழ்ப் பெண்கள் குறைவு, பெண் தேடி அலைகிற ஆம்பிளைகள் ஆயிரம். அவள் அப்பாவிடம் போய்ப் பெண் கேட்டேன். அவர் வைக்கோல் உதறிக்கொண்டே கேட்டார்.

“இதுவரைக்கும் வந்த மாப்பிள்ளை எல்லாம் தங்கமாத்தான் வந்தானுங்க. ஒருத்தனுக்கு ஊர்ல பொண்டாட்டி இருக்கா, ஒருத்தனுக்கு வேலையே இல்ல. உனக்காகப் பேச பெரியவங்க யாரு இருக்கா?”

“இந்த ஊர்ல யாரும் இல்லீங்க.”

“அந்த நாகூர்க்காரரை உனக்குப் பழக்கம்தானே? எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல சரக்கைப் பத்திப் பொய் சொல்லாத ஆள் அவர் ஒருத்தர்தான். என் சாணியிலேயே பொய் சொல்லலை. அவரைக் கூட்டிட்டு வா.”

வேறு யாராவது வந்தால் என்னைத் தூக்கி வைத்துப் பேசுவார்கள். நானா வந்தால் நான் விரிசல் வாசலைப் பார்க்கிற ஜாடிதான். ஒரே ஒரு ஆறுதல், காது சங்கதி அவருக்குத் தெரியாது. அது வெளியே வந்தால் பெண்ணும் போய்விடும், அதே கையோடு வேலையும் போய்விடும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, அத்தர் பூசி, குடையோடு வந்தார் நானா. வழி நெடுக நான் கெஞ்சினேன்.

“நானா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னிக்கு ஒருநாள் மட்டும் நல்லதா நாலு வார்த்தை.”

“கவலைப்படாதே,” என்றார். எதைக் கவலைப்படாதே என்று சொல்லவில்லை.

கொட்டகை முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். வெற்றிலைத் தட்டு, பழம், சூடான பால். உள்கதவு ஒருக்களித்திருந்தது. அதன் இடுக்கில் சேலைத் தலைப்பு தெரிந்தது. கொட்டகைக்காரர், “பையனைப் பத்திச் சொல்லுங்க,” என்றார். நானா குடையை மடியில் கிடத்திக்கொண்டார்.

“முதல்ல கோளாறைக் கேட்டுக்கங்க.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“சத்தம் ஜாஸ்தி. தண்ணி கேட்டாலும் ஏலம் போடற மாதிரிதான் கேப்பான். கோவம் மூக்கு நுனியில, வந்த வேகத்துல போயிரும். சமையல் வாயில வைக்க முடியாது. இதெல்லாம் விளிம்புல இருக்கிற கீறல். ஒரே ஒரு விரிசல்தான் இருக்கு, அதைச் சொல்லணும். இடது காது கேக்காது.”

கொட்டகைக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னங்க இது. கேக்காத காதை வச்சுக்கிட்டா ஏலம் கூவறான்?”

“நல்லாவே கூவறான். பிறவியில வந்ததா இருக்காது. காய்ச்சலாத்தான் இருக்கும். மத்தபடி தட்டிப் பாத்துட்டேன், வேற விரிசல் இல்ல.” ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். “கடைக்குப் போற சரக்கு இல்ல இது. இது வீட்டுக்கு.”

அவர் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையின் அருமை கொட்டகைக்காரருக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் தெரியும். அந்த நிலையிலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொட்டகைக்காரரோ எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

“மன்னிச்சுக்கங்க. ஊனத்தோட எப்படிங்க பொண்ணைக் குடுக்கறது? ஊர் என்ன பேசும்?”

எல்லாம் முடிந்தது என்று நானும் எழுந்தேன். அப்போது கதவிடுக்கிலிருந்து குரல் வந்தது.

“எந்தக் காதுன்னு சொன்னார்?”

“இடது காதும்மா,” என்றார் நானா.

ஒரு எருமை செருமியது. பிறகு அவள் கதவைத் தள்ளிக்கொண்டே வெளியே வந்துவிட்டாள்.

“அப்பா, இவர் காலையில டவுனுக்குப் போகும்போது நம்ம கொட்டகை இவருக்கு எந்தப் பக்கம்?”

“இடது பக்கம். அதுக்கென்ன இப்ப?”

“சாயங்காலம் வரும்போது?”

“வலது பக்கம்.”

“தினம் காலையில பாலை வாங்கிட்டு ரூமுக்குப் போயிட்டு, சட்டை மாட்டிக்கிட்டு இந்த வழியாத்தான் போவார். நான் வாசல்ல நின்னு ஒரு வார்த்தை கேட்டா திரும்பியே பாக்கமாட்டார். எவ்வளவு திமிர்னு நினைச்சேன். சாயங்காலம் கூப்பிட்டா மட்டும் பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பார். காலையில திமிர், சாயங்காலம் இளிப்பு, இது என்ன மனுஷன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “திமிர்தான் எனக்குப் பிடிக்காது. காது கேக்காட்டி என்ன, அந்தப் பக்கம் வந்து சொல்லிட்டுப் போறேன்.”

அவள் அப்பா வைக்கோல் பிரியைப் பார்த்தார், எருமையைப் பார்த்தார், கடைசியில் மகளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டை நானா பக்கம் நகர்த்தினார்.

திரும்பி வரும்போது நானா என் கேட்கிற காதுப் பக்கம் இருக்கும்படி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “உங்களுக்கு எப்ப தெரியும்?”

“வந்த புதுசிலேயே. ஜாடின்னா ரெண்டு பக்கமும் தட்டிப் பாக்கறதில்லையா? உன் பின்னால நின்னு மோதிரத்தால கோப்பைய ரெண்டு பக்கமும் தட்டினேன். ஒரு பக்கம் திரும்பினே, ஒரு பக்கம் திரும்பலை.”

“அப்ப அந்தக் குடை?”

“இடப்பக்கம் உக்காந்து கூவினவனை எல்லாம் நீ கோட்டை விட்டுக்கிட்டிருந்தே. என்னிக்காவது உன் துரை கண்டுபிடிச்சிருவான். அதான் குடையைத் தூக்கிக் காட்டினேன். மத்தவங்க அதை ஸ்டைல்னு நினைச்சுக்கிட்டாங்க, நல்லதாப் போச்சு.”

“யார் கிட்டயும் சொல்லாம வச்சிருந்தீங்களே. இன்னிக்கு மட்டும் ஏன் போட்டு உடைச்சீங்க?”

“விக்கிற சரக்குக்குத்தான் கோளாறு சொல்லணும் தம்பி. லேலாங்குல நீ விக்கிறவன். இங்க நீதானே சரக்கு.”

நடுரோட்டில் நின்று சிரித்தேன். மாட்டு வண்டிக்காரன் வைதுகொண்டே ஒதுங்கிப் போனான்.

கல்யாணம் அந்த முற்றத்திலேயே நடந்தது. எருமைக்கெல்லாம் மஞ்சள் பூசி, கொட்டகை வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். பந்தலின் இடப்பக்கம் சாமான் வியாபாரிகள், அவர்களுக்கு நடுவில் நானா. தாலி கட்டும்வரை அவள் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். கட்டி முடித்ததும், பெண்ணை இடப்பக்கம் மாறி உட்காரச் சொன்னார் பூசாரி. அவள் அசையவில்லை. சத்தமாக இன்னொரு தடவை சொன்னார்.

“மாட்டேங்க,” என்றாள். “அந்தப் பக்கம் உக்காந்தா நான் பேசறது இவருக்குக் கேக்காது.”

“முறைன்னு ஒண்ணு இருக்கேம்மா. இப்ப என்ன பேசப்போறே?”

“இனிமேதான் பேசணும்.”

பூசாரி கையைப் பிசைந்தார். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார், அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது. பந்தல் முழுக்க, அடுத்து யார் என்ன சொல்வார்கள் என்று காத்திருந்தது. அப்போது என் இடப்பக்கத்தில், தலைகளுக்கு மேலே, ஒரு கறுப்புக் குடை மெள்ள எழுந்தது. நான் பார்த்ததும் நானாவின் விரல் அவள் உட்கார்ந்திருந்த பக்கத்தைக் காட்டியது.

பழக்கதோஷம், என் வாய் சும்மா இருக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து, ஏலக்கூடத்துக்கே கேட்கிற மாதிரி கூவிவிட்டேன்.

“சத்து காலி, துவா காலி, தீகா காலி. வலப்பக்கத்துக்கே போச்சு.”